வாகனப் பற்றரி மாற்றுதல்: வன்னி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பற்றரியைப் பற்றியவை. வெயில் காலம் முழுவதும் என்ஜினின் சூட்டோடு வெந்துகொண்டிருந்த பற்றரிகள் இப்போது ஒவ்வொன்றாகக் கைவிடத் தொடங்கியிருக்கின்றன. வாகன மின்வேலை என் தொழில் என்பதால், அந்த எல்லைக்குள் வரும் கேள்விகளுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

கிளிநொச்சியிலிருந்து ஓர் ஆசிரியை: அண்ணா, என் அல்ரோ காலையில் ஸ்ரார்ட் ஆகத் தயங்குகிறது. பற்றரி முடிந்துவிட்டது, உடனே மாற்றுங்கள் என்று கராஜில் சொல்கிறார்கள். அது உண்மைதானா என்று நான் எப்படி அறிந்துகொள்வது?

பதில்: அவர்கள் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் மீற்றர் (வோல்ற் அளக்கும் கருவி) வைத்து அளக்காமல் சொன்ன சொல்லை நம்பிப் பற்றரி வாங்க வேண்டாம், தங்கச்சி. தயக்கத்திற்குப் பற்றரி மட்டுமல்லாமல், ரேர்மினலில் பூத்திருக்கும் உப்பு, தளர்ந்துபோன எர்த் வயர், சார்ஜ் கொடுக்காத ஓல்ரநேற்றர் (என்ஜின் ஓடும்போது பற்றரிக்கு மின் தரும் கருவி), தேய்ந்த செல்ப் மோட்டர் (என்ஜினை ஸ்ரார்ட் செய்யும் மோட்டர்) ஆகியவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். 2020 மார்ச்சிலிருந்து 2025 வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் நம் வீதிகளில் ஓடும் கார்களில் மிகப் பல வயது முதிர்ந்தவை. பற்றரியைப் போலவே அவற்றின் வயர்களும் முதிர்ந்திருக்கின்றன.

முதலில் ரேர்மினல்களைக் கழற்றி, சுடுநீரில் கரைத்த அப்பச்சோடாவால் கழுவி, துடைத்து, இறுக்கமாகப் பூட்டச் செய்யுங்கள். கழற்றும்போது எப்போதும் நெகற்றிவ் வயரை முதலிலும், பூட்டும்போது அதைக் கடைசியிலும் கையாள வேண்டும். பின்னர் இரவு முழுவதும் ஓடாமல் நின்ற வாகனத்தில், காலையில் சாவி போடுவதற்கு முன் மீற்றரை வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ற் அல்லது அதற்குச் சற்று மேல் காட்டினால் பற்றரி நிறைந்திருக்கிறது, 12.2 காட்டினால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் ஏறத்தாழ வெறுமையாக இருக்கிறது. அடுத்ததாக, ஒருவர் ஸ்ரார்ட் செய்யும்போது இன்னொருவர் மீற்றரைக் கவனிக்க வேண்டும். நிறைந்திருந்த பற்றரி அந்த நொடியில் 9.6 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால் அதன் வலு போய்விட்டது என்று கொள்ளலாம். கடைசியாக, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் காட்ட வேண்டும். அது 13-ஐக்கூடத் தாண்டவில்லையென்றால் குற்றவாளி ஓல்ரநேற்றராகவே இருக்கக்கூடும். அந்த நிலையில் புதிய பற்றரி பூட்டினால் அதுவும் சில நாட்களில் படுத்துவிடும். 15-ஐத் தாண்டினால் பற்றரியின் நீர் கொதித்து வற்றுகிறது என்று பொருள். அப்போதும் ஓல்ரநேற்றரைத் திருத்திய பிறகே பற்றரியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வவுனியாவிலிருந்து ஒருவர்: ஒரே அளவுப் பற்றரிக்கு மூன்று கடைகளில் மூன்று விலை சொல்கிறார்கள். நியாயமான விலை எது?

பதில்: டொலரின் பெறுமதியோடும் உலகச் சந்தையில் ஈயத்தின் விலையோடும் பற்றரியின் விலையும் மாறிக்கொண்டே இருப்பதால், நான் இங்கே ஒரு தொகையை எழுதினால் அது விரைவில் பொய்யாகிவிடும். ஆகவே ஒப்பிடும் முறையைச் சொல்கிறேன். மூன்று கடைகளிலும் ஒரே குறியீட்டுக்கு விலை கேளுங்கள். பழைய பற்றரியைக் கொடுத்தால் எவ்வளவு, கொடுக்காவிட்டால் எவ்வளவு, பூட்டுக்கூலி அதில் அடங்குமா என்றும் கேளுங்கள். பழைய பற்றரியின் ஈயத்திற்குப் பெறுமதி உண்டு. அதை இலவசமாக விட்டுவிட்டு வருபவர் தன் பணத்தையே விட்டுவிட்டு வருகிறார். பிறகு கையால் கொடுக்கும் தொகையை உத்தரவாத மாதங்களால் வகுத்துப் பாருங்கள். கணக்கிற்காகச் சொல்வதானால், 12 மாத உத்தரவாதத்தோடு 30,000 ரூபாய் என்பது மாதத்திற்கு 2,500 ரூபாய். 24 மாத உத்தரவாதத்தோடு 36,000 ரூபாய் என்பது மாதத்திற்கு 1,500 ரூபாய். மலிவானது எது என்பது இப்போது தெரியும்.

உத்தரவாதத்திலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் காலத்திற்குள் பழுதானால் புதியதையே தருவார்கள். மற்றதில் கழிந்த மாதங்களுக்கு ஏற்பப் பணத்தைக் கழித்துக்கொண்டு மீதிக்கே சலுகை தருவார்கள். எது என்பதை வாங்கும்போதே அட்டையில் எழுதுவித்து, திகதியும் வாகன இலக்கமும் இட்டு, பற்றுச்சீட்டையும் வாங்கி வைக்க வேண்டும். பற்றுச்சீட்டு இருந்தும் ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்திற்கு முறையிடலாம்.

உற்பத்தித் திகதியைக் காட்டச் சொல்வதற்கும் கூச்சப்பட வேண்டாம். குறியீடு ஒவ்வொரு நிறுவனத்திற்கும் வேறுபடும் என்பதால் விற்பவரே அதை வாசித்துக் காட்ட வேண்டும். விற்பனை குறைந்த சந்திக் கடையொன்றில், தகரக் கூரையின் கீழ் ஒரு வருடம் கிடந்த பற்றரி பெயரளவில் மட்டுமே புதியது. சூடு கூடக்கூட அது தானாகவே வலுவிழக்கிறது. ஆறு மாதத்திற்கு மேற்பட்டதைத் தவிருங்கள். அங்கேயே மீற்றரை வைத்துப் பாருங்கள், 12.4-க்குக் கீழே காட்டினால் வேறொன்று கேளுங்கள்.

மாங்குளத்திலிருந்து ஒருவர்: என் பழைய பற்றரியில் 46பி24எல் என்று இருக்கிறது. கடைக்காரர் 46பி24எல்எஸ் தந்து, இரண்டும் ஒன்றுதான் என்கிறார்.

பதில்: இரண்டும் ஒன்றல்ல. முதல் எண் வலுவின் தரத்தைக் குறிக்கிறது. அது சற்றுக் கூடினால் தீங்கில்லை. பி என்பது அகலமும் உயரமும் சார்ந்த வகுப்பு. 24 என்பது சென்ரிமீற்றரில் நீளம். எல் அல்லது ஆர் என்பது பொசிற்றிவ் முனை எந்தப் பக்கம் என்பதைக் காட்டுகிறது. அது மாறினால் வயர் எட்டாது, இழுத்துப் பூட்டினால் ஆபத்து. இறுதியிலுள்ள எஸ் தடித்த முனையைக் குறிக்கிறது. உங்கள் வயரின் கவ்வி மெல்லிய முனைக்கு உரியது என்பதால், அதை விரித்து அடித்துத்தான் பூட்டுவார்கள். அப்படிப் பூட்டிய கவ்வி பின்னர் தளரும். மாற்றித் தரச் சொல்லுங்கள்.

துணுக்காயிலிருந்து ஒருவர்: எந்த நிறுவனத்தின் பற்றரி சிறந்தது?

பதில்: உங்கள் ஊருக்கு அருகில் உத்தரவாதத்தை நிறைவேற்றும் முகவர் உள்ள நிறுவனத்தினுடையது.

முறிகண்டியிலிருந்து ஒரு வாகன ஓட்டுநர்: கோயிலடியில் நிறுத்திய வான் ஸ்ரார்ட் ஆகாவிட்டால் பக்கத்தில் நிற்கும் லொறியிலிருந்து வயர் கொடுத்து எடுக்கலாமா?

பதில்: பெரிய லொறிகளிலும் பேருந்துகளிலும் இரண்டு பற்றரிகள் தொடராக இணைக்கப்பட்டு 24 வோல்ற் வருகிறது, அதை உங்கள் 12 வோல்ற் வானுக்குக் கொடுத்தால் மின்னணுப் பகுதிகள் எரியும், பற்றரி வெடிக்கவும் கூடும். இன்னொரு காரையோ வானையோ கேளுங்கள். சிவப்பு வயரின் ஒரு முனையை வெறுமையான பற்றரியின் பொசிற்றிவிலும், மறு முனையை நல்ல பற்றரியின் பொசிற்றிவிலும் பூட்டி, கறுப்பு வயரை நல்ல பற்றரியின் நெகற்றிவில் பூட்டுங்கள். அதன் மறு முனையை உங்கள் வானின் பற்றரியில் பூட்டாமல், அதற்கு விலகியுள்ள உங்கள் வான் என்ஜினின் வெற்று இரும்பில் பூட்டுங்கள். பற்றரியிலிருந்து வெளிவரும் ஐதரசன் வாயுவுக்கு அருகில் பொறி பறக்கக் கூடாது என்பதே இதற்குக் காரணம்.

பரந்தனிலிருந்து ஒருவர்: என் அக்குவா ஹைபிரிட் காரில் றெடி விளக்கு (ஓடத் தயார் என்று காட்டும் விளக்கு) வரவில்லை. ஹைபிரிட் பற்றரி போய்விட்டதாகச் சொல்லிப் பெருந்தொகை கேட்கிறார்கள்.

பதில்: பணம் கொடுக்காதீர்கள், முதலில் மீற்றர். அக்குவாவில் 144 வோல்ற் பெரிய பற்றரியைத் தவிர, பின் இருக்கையின் கீழே சாதாரண 12 வோல்ற் சிறிய பற்றரி ஒன்றும் இருக்கிறது. அது சோர்ந்தாலும் வாகனம் றெடி நிலைக்கு வராது. அதன் விலை பெரிய பற்றரியின் விலையில் சிறு பகுதியே. அந்தப் பற்றரி பயணிகள் இருக்கும் அறைக்குள் இருப்பதால், வாயுவை வெளியே கொண்டுசெல்லும் குழாய் பூட்டக்கூடிய, அந்த இடத்திற்கென்றே செய்யப்பட்ட வகையைத்தான் வாங்க வேண்டும். விலை குறைகிறதென்று சாதாரணப் பற்றரியை அதில் வைப்பது குழந்தைகள் இருக்கும் இடத்தில் அமிலப் புகையை விடுவதாகும். பெரிய பற்றரியின் உயர் வோல்ற் ஓடும் செம்மஞ்சள் நிற வயர்களை, பயிற்சி பெறாத எவரையும் தொட விடாதீர்கள்.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு பெரியவர்: தம்பி, பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பற்றரியே வரவில்லை. பழையதைப் பிரித்து, தட்டு மாற்றி, மழைத் தண்ணீர் விட்டு ஓடினோம். இப்போது எல்லாவற்றுக்கும் புதியது வாங்கு என்கிறீர்கள். ரீகண்டிசன் பற்றரியில் என்ன குறை?

பதில்: ஐயா, அந்தக் காலத்தில் உங்கள் தலைமுறை செய்த வேலையை நான் மதிக்கிறேன்; நானும் அந்தக் கைகளிடம்தான் தொழில் கற்றேன். ஆனால் பொருள் மாறிவிட்டது. அன்றைய பற்றரியின் பெட்டி கடினமான ரப்பர். மேற்பகுதி கீலால் அடைக்கப்பட்டிருந்தது. கீலை உருக்கி எடுத்து, பழுதான ஓர் அறையின் தடித்த தட்டுகளை மட்டும் மாற்ற முடிந்தது. இன்றைய பிளாஸ்ரிக் பெட்டி சூட்டினால் ஒட்டப்பட்டது, அறைகளின் இணைப்பு சுவருக்குள்ளேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது, தட்டுகள் மெல்லியவை. அதைப் பிரித்து ஒழுங்காக மூட முடியாது. ஆகவே இன்று ரீகண்டிசன் என்று விற்கப்படுவது பெரும்பாலும் அமிலத்தை மாற்றி, சார்ஜ் ஏற்றி, மேலே புதுத் தாள் ஒட்டிய பழைய தட்டுகளே. கடையில் அது 12.6 காட்டும், தட்டில் உதிர்ந்த ஈயம் திரும்பி வராது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சில வாரங்கள் வெறுமையாக நின்றதால் தட்டில் ஈயச் சல்பேற்று படிந்த பற்றரியை, குறைந்த மின்னோட்டத்தில் நீண்ட நேரம் சார்ஜ் செய்தால் ஓரளவு மீட்கலாம். அதைச் செய்து பார்த்த பிறகே புதியதை வாங்க வேண்டும்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒருவர்: பெரியவர் சொல்வதே சரி. நான் மூன்று மாதமாக ரீகண்டிசன் பற்றரியில்தான் ஓடுகிறேன்.

பதில்: மூன்று மாதம் ஓடியதற்கு மகிழ்ச்சி, தம்பி. கொடுத்த பணத்தை மூன்றால் வகுத்து, மேலே வவுனியா வாசகருக்குச் சொன்ன கணக்கோடு ஒப்பிடுங்கள். மூடி திறக்கும் வகையாக இருந்தால் ஹைட்ரோமீற்றர் வைத்து ஆறு அறைகளையும் பாருங்கள். நிறைந்த பற்றரியில் அமிலத்தின் அடர்த்தி 1.26 அளவில் இருக்கும். ஓர் அறை மற்றவற்றைவிட 0.05 குறைந்திருந்தால் அந்தப் பற்றரியை நம்பி இரவில் முல்லைத்தீவு வீதியில் குடும்பத்தோடு பயணம் செய்ய வேண்டாம்.

மல்லாவியிலிருந்து ஒருவர்: வற்றிய பற்றரிக்குக் கிணற்றுத் தண்ணீர் விடலாமா? அமிலம் சேர்க்கலாமா?

பதில்: இரண்டும் கூடாது. வற்றுவது நீர் மட்டுமே; அமிலம் உள்ளேயே இருக்கிறது. மேலும் அமிலம் சேர்த்தால் தட்டு அரிக்கும். நம் கிணறுகள் பலவற்றில் கல்சியமும் குளோரைட்டும் கூடுதலாக இருக்கின்றன. அவை பற்றரியைக் கெடுக்கும். காய்ச்சி வடித்த நீரை, தட்டுகள் மூழ்கி அதற்குச் சற்று மேல் நிற்கும்வரை மட்டும் விடுங்கள்.

மீண்டும் ஒட்டுசுட்டான் பெரியவர்: அப்படியானால் திருத்தும் தொழிலே தேவையில்லையா, தம்பி?

பதில்: மிகவும் தேவை, ஐயா, இடம்தான் மாறியிருக்கிறது. ஓல்ரநேற்றரின் தேய்ந்த காபனை மாற்றுவதும், ரெகுலேற்றரை மாற்றுவதும், உப்புப் பிடித்த வயரை வெட்டிப் புதுக் கவ்வி பூட்டுவதும் சிறு செலவில் முடிகின்றன. அவற்றைச் செய்யக்கூடிய கைகள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருக்கும்போது, பற்றரி பற்றரியாக வாங்கி அடுக்குவதுதான் வீண்செலவு. திருத்தத் தகுந்ததைத் திருத்துவோம். திருத்த முடியாததைத் திருத்தியதாகச் சொல்லி விற்கிறவர்களிடமிருந்து மக்களைக் காப்போம். இந்த வாதத்தை இத்துடன் நிறுத்தி மற்றவர்களுக்கும் இடம் தருகிறேன்.

முல்லைத்தீவிலிருந்து ஒரு கடற்றொழிலாளி: பழைய பற்றரியை உடைத்து வலைக்கு ஈயம் வார்க்கிறோம். கடைக்குக் கொடுப்பதைவிட இது இலாபமல்லவா?

பதில்: தயவுசெய்து நிறுத்துங்கள். ஈயப் புகையும் முற்றத்தில் சிந்தும் தூளும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கின்றன; பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஊற்றிய அமிலமும் ஈயமும் மண்ணில் தங்கிக் கிணற்று நீரையும் கெடுக்கும். முழுப் பற்றரியாகக் கடைக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் வார்த்த ஈயத்தை வாங்குங்கள். இதுவரை வார்த்த இடத்தில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். அவர்களை ஒருமுறை மருத்துவரிடம் காட்டி இதைச் சொல்லுங்கள்.

நெடுங்கேணியிலிருந்து ஒருவர்: யானை வேலிக்குப் பழைய கார் பற்றரி போதுமா?

பதில்: கார் பற்றரி ஸ்ரார்ட் செய்வதற்கானது, நாள் முழுவதும் கொடுப்பதற்கானது அல்ல. வேலியைப் பற்றி வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேளுங்கள். வீட்டு மின்சாரத்தை ஒருபோதும் வேலிக்குக் கொடுக்காதீர்கள். அதில் மனிதர்களும் சாகிறார்கள்.

கனடாவிலிருந்து ஒருவர்: கிளிநொச்சி வீட்டில் என் கார் வருடத்தில் ஒரு மாதமே ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் புதுப் பற்றரி வாங்க வேண்டியிருக்கிறது.

பதில்: வாரத்தில் ஒருநாள் பத்து நிமிடம் என்ஜினை ஓடவிடுமாறு வீட்டுக்காரரிடம் சொல்லியிருப்பீர்கள், அந்தக் குறைந்த வேக ஓட்டத்தில் ஸ்ரார்ட்டுக்குச் செலவான சார்ஜ்கூடச் சரியாகத் திரும்புவதில்லை. புறப்படும்போது பற்றரியை நிறையச் சார்ஜ் செய்து, நெகற்றிவ் வயரைக் கழற்றிவிட்டுச் செல்லுங்கள். நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொள்ளும் சிறிய சார்ஜரை மாதம் ஒருமுறை பூட்டச் சொல்லுங்கள். அதன் விலை ஒரு பற்றரியின் விலையைவிடக் குறைவு.

பூநகரியிலிருந்து ஒருவர்: எந்த நிறுவனம் நல்லது? கராஜில் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றவா?

பதில்: இரண்டுக்கும் மேலே பதில் எழுதியிருக்கிறேன்; முழுவதையும் வாசியுங்கள். மீற்றர் வைத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

புளியங்குளத்திலிருந்து ஒருவர்: என்ஜின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றிப் பார்த்தார்கள். என்ஜின் நிற்காததால் ஓல்ரநேற்றர் நல்லது என்றார்கள். ஆனால் இரண்டு நாள் நின்றால் புதுப் பற்றரியும் வெறுமையாகிறது.

பதில்: அந்தச் சோதனையை இனி எவரையும் செய்ய விடாதீர்கள். பற்றரி இல்லாமல் ஓடும் ஓல்ரநேற்றரின் வோல்ற்றளவு திடீரென்று எகிறி, என்ஜினின் கட்டுப்பாட்டுப் பெட்டியை எரித்துவிடக்கூடும். உங்கள் வாகனத்தில் நிறுத்திய பிறகும் ஏதோ ஒன்று மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளைப் பூட்டி, சிறிது நேரம் பொறுத்து, நெகற்றிவ் வயருக்கும் முனைக்கும் இடையில் அம்பியர் அளக்கச் செய்யுங்கள். 50 மில்லி அம்பியருக்கு மேல் காட்டினால், அளவு விழும்வரை பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். வாகனம் வந்த பிறகு வெளியே பூட்டிய அலாரம், பாட்டுப் பெட்டி ஆகியவற்றின் வயர்களிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.