அம்மாவுக்கு விலையுயர்ந்த ‘பயாலஜிக் மெஷ்’ தேவைதானா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை நோய் உண்டு. ஹெர்னியாவுக்கு (குடலிறக்கம்) வைத்த மெஷ்ஷில், அதாவது வயிற்றுச் சுவரைத் தாங்கும் வலையில், சீழ் பிடித்து, அதை எடுத்துவிட்டார்கள். ஓராண்டுக்குள் வயிறு மறுபடி பெரிதாகப் புடைத்துவிட்டது. இந்த முறை பயாலஜிக் மெஷ் வைக்கலாம், ஆனால் விலை மிக அதிகம் என்கிறார் சர்ஜன். அதுதான் பாதுகாப்பானதா?

பதில்: விலை கூடியது என்பதற்காக அதை உசத்தி என்று நினைத்துவிட வேண்டாம்.

பன்றியின் தோல், மாட்டின் இதய உறை, தானமாகப் பெற்ற மனிதத் தோல் போன்றவற்றிலிருந்து செல்களை நீக்கி, கொலாஜன் என்ற புரத நாரை மட்டும் மிச்சம் வைத்துத் தயாரிப்பதுதான் பயாலஜிக் மெஷ். நம் ரத்தக்குழாய்கள் அதற்குள் வளர்ந்து, நாளடைவில் அது நம் திசுவாகவே மாறும், கிருமியையும் தாங்கும் என்று நம்பித்தான் தொற்று அபாயமுள்ள வயிறுகளில் வைக்க ஆரம்பித்தார்கள்.

நடந்தது வேறு. 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கிருமி கலக்க வாய்ப்புள்ள ஹெர்னியா அறுவை செய்துகொண்ட 253 பேரை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். 2 ஆண்டுகளில் பயாலஜிக் குழுவில் சுமார் 20 சதவீதம் பேருக்கு ஹெர்னியா திரும்பியது. பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த சாதாரண மெஷ் வைத்தவர்களில் சுமார் 6 சதவீதம்தான். சரி, தொற்றாவது குறைந்ததா என்றால், அதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சீழ் கட்டியிருந்த வயிறுகள் அந்த ஆய்வில் இல்லை. அதனால் உங்கள் அம்மாவுக்கு இன்னும் சீழ் கசிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. கசிந்தால் பயாலஜிக் மெஷ்ஷைப் பற்றி யோசிக்கலாம். தொற்றை முதலில் ஆற்றிவிட்டு, நிரந்தர மெஷ்ஷைப் பிறகு வைப்பதும் ஒரு வழி. புண் நன்றாக ஆறி மாதங்கள் ஆகியிருந்தால், பெரிய துளைகளுள்ள பாலிப்ரொப்பிலீன் மெஷ் போதாதா என்று சர்ஜனிடம் தயங்காமல் கேளுங்கள்.

விலகிய தசைகளை நடுவில் இழுத்துச் சேர்த்துத் தைக்க முடியுமா என்றும் கேளுங்கள். மெஷ் எதுவானாலும் அந்தத் தையல் மிக முக்கியம். சேராத இடைவெளிக்குப் பாலம் போல பயாலஜிக்கை வைத்தால் அது நாளாக ஆகத் தளர்ந்து புடைக்கும். அப்புறம், எந்த விலங்கிலிருந்து எடுத்தது என்பது உங்களுக்கு நம்பிக்கை சார்ந்த விஷயமென்றால், அறுவைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அவசரமில்லாத அறுவை என்றால் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர அந்த நேரத்தைப் பயன்படுத்துங்கள். இடையில் புடைப்பு கல் போல இறுகி, உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் வந்தால் மட்டும் அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.