நுனி முடிக்கு நாலு வயது

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். இடுப்புக்குச் சற்று மேலே வரை முடி. நுனியெல்லாம் விளக்குமாறு மாதிரி பிளந்து நிற்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் ரிபாண்டிங் (மருந்தும் சூடும் வைத்து முடியை நேராக்குவது) செய்தேன். பிளவை ஒட்டவைக்கும் என்று சலூனில் கொடுத்த சீரத்தை மூன்று மாதமாகப் போட்டும் பலனில்லை. வெட்டாமல் வழி உண்டா? தினமும் காலையில் தலைக்குக் குளித்துவிட்டு மோட்டாரில் வேலைக்குப் போகிறேன்.

பதில்: வெட்டத்தான் வேண்டும், சகோதரி. தோலுக்கு வெளியே வந்த முடிக்கு உயிரில்லை. காயம் போல் ஆறாது. சீரத்திலுள்ள சிலிக்கோன் பிளவின் மேல் பூசிக்கொண்டு பளபளக்கும், அவ்வளவுதான். ஷாம்பூ போட்டால் போய்விடும்.

ஒரு கணக்குப் போடுவோம். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். ரிபாண்டிங் முடிந்து 24 மாதம் என்றால், தலையிலிருந்து ஒரு சாண் அளவுதான் புது முடி. அதற்குக் கீழே தொங்குவதெல்லாம் மருந்தும் சூடும் பட்டது. நுனிக்கு நாலு வயதாவது இருக்கும். எத்தனை ஷாம்பூ, எத்தனை சீப்பு பார்த்திருக்கும்!

உதிர்ந்த முடி ஒன்றை எடுத்து இரண்டு விரலுக்கிடையே உருவுங்கள். வேரிலிருந்து நுனிக்கு வழுக்கும். நுனியிலிருந்து வேருக்குச் சொரசொரக்கும். ஓடு வேய்ந்தது போல் முடி மேல் செதில்கள் அடுக்கியிருப்பதுதான் காரணம். அவை தேய்ந்து உதிர்ந்தால் உள்ளிருக்கும் நார் பிரியும். அதுதான் பிளவு.

எனக்கு உங்கள் சீரத்தைவிடக் காலைக் குளியல்மேல்தான் சந்தேகம். நனைந்த முடி வலுவிழந்து, இழுத்த இழுப்புக்கு நீளும். அதை இறுக்கிக் கட்டி ஹெல்மெட்டுக்குள் திணித்தால் நாள் முழுக்க உராய்வு. நம்மூர்ப் புழுக்கத்தில் சீக்கிரம் காயவும் செய்யாது. குளியலை மாலைக்கு மாற்றுங்கள். துண்டால் பரபரவென்று துவட்டாமல் ஒற்றியெடுங்கள். பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுத்து மேலே வாருங்கள். குளிக்கும் முன் நுனியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவலாம். அது முடிக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கும், பிளந்ததை ஒட்டாது.

பிளவுக்கு 2 செ.மீ. மேலே வெட்டச் சொல்லுங்கள். சமையலறைக் கத்தரிக்கோல் வேண்டாம். மழுங்கிய முனை முடியை நசுக்கும். (வெட்டினால் வேகமாக வளரும் என்பார்கள். வளர்ச்சி வேரில், நுனிக்கு அதில் வேலையில்லை.) பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேசாக வெட்டினால் போதும்.

மறுபடி ரிபாண்டிங் செய்வதானால், புதிதாக வளர்ந்த அந்த ஒரு சாணுக்கு மட்டும் மருந்து போடச் சொல்லுங்கள்.