பிள்ளைக்கு வர வேண்டிய பழைய பணம்: கேள்வி பதில்

சித்தூர் தாலுகாவிலும் வாளையார், கோவிந்தாபுரம் எல்லையிலும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் கேட்டவை இவை. பாலக்காட்டில் குடும்ப வழக்கு நடத்துகிற வக்கீலாகப் பதில் சொல்கிறேன்.

வக்கீல் அம்மா, பிரிந்து நாலு வருடம் ஆகிறது. மகன் பள்ளி நாளில் என்னிடம், சனி ஞாயிறு அவரிடம். அவருக்குக் கோயம்புத்தூரில் மில் வேலை. முதல் வருடம் ஃபீஸ் கட்டினார், அப்புறம் ஒன்றுமில்லை. விட்டுப்போனதையும் கேட்கலாமா? (கொழிஞ்சாம்பாறை)

கேட்கலாம் அம்மா, முழுவதும் கிடைக்காது. முதல் வழி, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜீவனாம்சம் கேட்கிற பழைய 125-ஆவது பிரிவு. 2024 ஜூலையிலிருந்து அது புதிய சட்டத்தில் 144. இதில் மனு போட்ட நாளிலிருந்து பணம் தர உத்தரவிட வேண்டும் என்று ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பு வர இரண்டு வருடம் இழுத்தாலும் அந்த இரண்டு வருடப் பணம் பிள்ளைக்கு உண்டு. பெரியவர்களை வைத்துப் பேசிக்கொண்டு, மனு போடாமல் காத்திருந்த மாதங்கள் இதில் வராது.

அந்த மாதங்களுக்கு இன்னொரு வழி. நீங்கள் இந்துக்கள் என்றால் 1956-ஆம் ஆண்டு ஜீவனாம்சச் சட்டப்படி குடும்ப நீதிமன்றத்தில் பழைய பாக்கியைக் கேட்கலாம். காலவரையறைச் சட்டம் மூன்று வருடத்துக்கு மேல் பின்னால் போக விடாது. நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பின்னால் ஒரு மாதப் பணம் போய்விடும். பிள்ளையின் பணம் இப்படிப் போவதைப் பார்க்க எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கோவைக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கிற இடத்திலேயே 144 மனு போடலாம். ஃபீஸ் ரசீது, வேன் வாடகை, டியூஷன், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் மாதவாரியாக அடுக்கி எடுத்து வாருங்கள். வருமானம், சொத்து, கடன் பற்றி இரண்டு பேருமே பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும்.

மகள் மாதத்தில் பாதி நாள் என்னிடம்தான். பணமும் கையில் கொடுத்தேன். பிரிந்துபோன மனைவி இப்போது முழுத் தொகை கேட்கிறாள். (கோபாலபுரம்)

தம்பி, பாதி நாள் பார்த்துக்கொள்வதைக் கட்டாயம் சொல்லுங்கள், தொகையை முடிவு செய்யும்போது அதுவும் கணக்கில் வரும். தாய்க்கும் சம்பளம் இருந்தால், இரண்டு பேர் சம்பள விகிதத்தில் செலவைப் பகிரச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2000-இலேயே இருக்கிறது. கையில் கொடுத்த பணம்தான் சிக்கல். "வாங்கிக்கிட்டேன்" என்று அவர் போட்ட வாட்ஸ்அப் செய்தி ஒன்று இருந்தாலும் அழிக்காமல் வையுங்கள். இனி வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள், எந்த மாதத்துக்கு என்று குறிப்பும் போடுங்கள். பிறந்தநாளுக்கு வாங்கின சைக்கிள் மாதத் தொகையில் கழியும் என்று நம்பியிருக்காதீர்கள்.

பிள்ளையைப் பார்க்க விடவில்லை. பணத்தை நிறுத்தலாமா? (வாளையார்)

கூடாது. பார்க்கும் உரிமைக்குத் தனியாக மனு போடுங்கள். அம்மா செய்ததற்குப் பிள்ளையைப் பட்டினி போட முடியாது.

சேர்ந்து விவாகரத்து வாங்கியபோது "குழந்தைக்கு எதுவும் வேண்டாம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். (சித்தூர்)

உங்கள் பங்கை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம். பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. தைரியமாக மனு போடுங்கள்.

உத்தரவு கையில் இருக்கிறது. பத்து மாதமாகப் பணம் வரவில்லை, அவர் திருப்பூருக்குப் போய்விட்டார். (மீனாட்சிபுரம்)

இந்த வாரமே கிளம்புங்கள். பாக்கியை வசூலிக்க வாரண்ட் கேட்கும் மனுவை, பணம் கட்ட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். இன்னும் இரண்டு மாதம் கழிந்தால் முதல் மாதப் பாக்கிக்கு வாரண்ட் கேட்க முடியாது. மனு நிலுவையில் இருக்கும்போது சேருகிற பாக்கிக்குப் புது மனு வேண்டாம், அதிலேயே கேட்கலாம். அவர் இருக்கிற ஊர் மாஜிஸ்திரேட் மூலமாகவும் உத்தரவை நிறைவேற்றலாம், மாநில எல்லை தடை இல்லை. வாரண்டுக்குப் பிறகும் கட்டாவிட்டால் ஒரு மாதப் பாக்கிக்கு ஒரு மாதம் வரை சிறை உண்டு.

வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை என்றால் தாலுகா சட்டப் பணிகள் குழுவிடம் போங்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். மலையாளத்தில் இருக்கிற தாளில், தமிழில் வாசித்துச் சொல்லக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.