விலை கொடுத்தது யார்?

கேள்வி: விபசார விடுதியிலிருந்து ஒரு பெண்ணை மணம் முடித்துக் கூட்டி வருகிறான் ஒருவன். அவள் ஓடிப்போகிறாள், அவன் தேடிப்போகிறான். மறுபடியும் ஓடுகிறாள். ஓசியா தீர்க்கதரிசியின் கதையைத் தழுவிய இந்தக் காதல் நாவலைப் படித்து அழுதேன். எங்கள் வேதபாட வகுப்பில் சொன்னபோது, "படுக்கையறைக் காட்சி உள்ள புத்தகத்தில் மீட்பு எங்கிருந்து வரும்?" என்று கேட்டுவிட்டார்கள். இப்போது அது என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. சர்ச்சைக்குரிய காதல் நாவலில் ஒரு கிறிஸ்தவர் மீட்பைக் காண முடியுமா?
— ஒரு வாசகி

பதில்: 'மீட்பு' என்று எழுதினீர்களே சகோதரி, அதற்கு முதலில் என் நன்றி. இரட்சிப்பு என்பது நமக்கு ஞாயிற்றுக்கிழமைச் சொல்லாகிவிட்டது; ஆராதனை முடிந்ததும் அதைப் பாட்டுப் புத்தகத்தோடு மூடி வைத்துவிடுகிறோம். மீட்பு அப்படியல்ல. அடகில் இருக்கும் நகையை மீட்கிறோம். கிணற்றில் விழுந்த குழந்தையை மீட்கிறோம். பறிபோன நிலத்தை மீட்கிறோம். பழைய வேதாகம மொழிபெயர்ப்பின் சொற்களைவிட்டு இம்மியும் நகர மாட்டோம் என்கிற நண்பர்களோடு இந்தப் பக்கத்தில் எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. அவர்களுக்கு மறுபடியும் சொல்கிறேன்: அந்தப் பழைய மொழிபெயர்ப்பிலேயே யோபு "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்" என்றுதான் சொல்கிறார்.

அடகுப் பொருள் தானாக வீடு திரும்பாது. யாரோ ஒருவர் பணத்தை எண்ணி வைத்தாக வேண்டும். அதனால் மீட்பு என்ற சொல் எந்தக் கதையில் வந்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: விலை கொடுத்தது யார்?

யோபு சொன்ன 'மீட்பர்' எபிரெயத்தில் 'கோஏல்', அதாவது இழந்ததை விலை கொடுத்து மீட்கும் உறவுக்காரன். ரூத்தின் புத்தகத்தில் போவாஸைக் குறிப்பதும் அதே சொல்தான். நம் பழைய வேதாகமம் அங்கே 'சுதந்தரவாளி' என்று வைத்தது. உங்கள் வகுப்பார் அந்த மூன்றாம் அதிகாரத்தை நிதானமாக வாசிக்கட்டும். நள்ளிரவு. களம். அம்பாரத்து அடியில் ஒருவன் உண்டு குடித்துப் படுத்திருக்கிறான். குளித்து எண்ணெய் பூசி வந்த இளம் விதவை ஒருத்தி, அவன் கால்மாட்டுப் போர்வையை விலக்கிப் படுத்துக்கொள்கிறாள். அவன் திடுக்கிட்டு விழிக்கிறான். நிலம் அவனுடையது, ஊர் அவனுடையது. அவளோ சிந்திய கதிரைப் பொறுக்க வந்த மோவாபியப் பெண். அவள் பேச்சை அந்த ஊரில் யாரும் நம்பப் போவதில்லை. அவன் நினைத்திருந்தால் என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். "பயப்படாதே" என்கிறான். உன்னை மீட்க என்னைவிட நெருங்கிய உறவுக்காரன் ஒருவன் இருக்கிறான், முதலில் அவனைக் கேட்க வேண்டும் என்கிறான். ஆள் முகம் தெரியாத விடியற்காலையில், அவள் போர்வையைப் பிடிக்கச் சொல்லி ஆறுபடி வாற்கோதுமையை அளந்து போட்டு அனுப்புகிறான். அன்றைக்கே அந்த நெருங்கிய உறவுக்காரன், என் சொத்துக்குக் கேடு வரும் என்று ஒதுங்கிக்கொள்கிறான். போவாஸ் ஏற்றுக்கொள்கிறான். இந்த வம்சத்தில்தான் தாவீது பிறந்தார். மத்தேயு முதல் அதிகாரத்தில், இயேசுவின் வம்ச வரலாற்றில், ரூத்தின் பெயர் கூசாமல் எழுதப்பட்டிருக்கிறது.

வாற்கோதுமையைச் சொன்னதும் ஓசியா நினைவுக்கு வருகிறார். 15 வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து அவர் தன்னைவிட்டுப் போன மனைவியை வாங்குகிறார். வெள்ளியோடு தானியம் எதற்கு? யாத்திராகமத்தில் ஓர் அடிமைக்குக் குறித்த ஈடு 30 வெள்ளி. கையில் பாதிதான் இருந்தது, மீதியைத் தானியமாக அளந்தார் என்பது விளக்கவுரைகாரர்கள் பலரின் கணிப்பு. எனக்கு இந்தக் கணிப்பு பிடித்திருக்கிறது. கைப்பிடித்த மனைவிக்கே விலை கொடுக்கிறான். அதையும் கையில் இருந்ததையெல்லாம் துடைத்துக் கொடுக்கிறான். கொடுத்த பிறகு அவளைத் தொடவில்லை. நீ எனக்காகக் காத்திரு, உனக்காக நானும் காத்திருப்பேன் என்கிறான்.

ஒன்றை மறைக்க மாட்டேன். அதே புத்தகத்தின் இரண்டாம் அதிகாரம் கடுமையானது. நிர்வாணமாக்குவேன், முள்ளால் வழியை அடைப்பேன் என்ற மிரட்டல் அதில் இருக்கிறது. அது இஸ்ரவேலைக் குறித்த தீர்க்கதரிசனம் என்பது உண்மை. ஆனாலும் வீட்டில் அடி வாங்கும் பெண் அதை வாசிக்கும்போது அவள் காதில் அது எப்படி விழும் என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை. ஓசியாவின் மனைவி கோமேர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அவள் ஏன் ஓடினாள்? யாருக்குப் பயந்தாள்? ஒரு நாவலாசிரியர் அவளைப் பேசவைத்தால், அதற்காகவே நான் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுப்பேன்.

என் கோபம் வேறொரு வகைக் கதைமேல். அவன் கொடியவன், அவளை அடைத்து வைக்கிறான், வதைக்கிறான். அவளுடைய பொறுமையில் கரைந்து கடைசி அத்தியாயத்தில் நல்லவனாகிறான். இதற்கும் அட்டையில் 'மீட்பு' என்று அச்சடிக்கிறார்கள். இது இன்று வந்த வியாதி அல்ல. 1740-இல் சாமுவேல் ரிச்சர்ட்சன் எழுதிய 'பமேலா'வில், 15 வயது வேலைக்காரப் பெண்ணை எஜமான் கடத்தி அடைத்து வைக்கிறான். இரவில் அவள் படுக்கைக்கே வருகிறான். முடிவில் அவனையே அவள் மணக்கிறாள். லண்டனில் ஒரு போதகர் பிரசங்கபீடத்திலிருந்தே அதைப் படிக்கச் சொன்னார். அதே ரிச்சர்ட்சன் 1747-48-இல் 'கிளாரிசா'வை எழுதினார். திருந்திய காமுகனே சிறந்த கணவன் என்ற எண்ணம் ஆபத்தானது என்று முன்னுரையிலேயே சொன்னார். நாயகி கிளாரிசாவைக் கெடுத்தவனுக்கே அவளைக் கட்டிவையுங்கள் என்று வாசகர்கள் மன்றாடியும் அவர் இசையவில்லை. எட்டு ஆண்டில் ஓர் எழுத்தாளர் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறார். நம் பிரசங்கபீடங்களில் பல இன்னும் 1740-இலேயே நிற்கின்றன.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஜெபக்கூட்டம் முடிந்து ஒரு பெண், சபை ஊழியரிடம் ஆலோசனை கேட்க வந்தாள். நல்ல வெயிலில் முழுக்கைச் சட்டை. பேசும்போதே இடது கையை மணிக்கட்டுவரை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். "ஓசியா எவ்வளவு பொறுத்தார் பார்த்தாயா? நீயும் பொறு, அவன் மனந்திரும்புவான்" என்றார் அவர். நான் பக்கத்தில் இருந்தும் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்றுவரை போகவில்லை. ஓசியாவின் கதையில் துரோகத்துக்கு ஆளானவரே விலையும் கொடுத்தார், உண்மை. ஆனால் கதவைத் திறக்கவும் பூட்டவும் அதிகாரம் அவர் கையில் இருந்தது. அடிபடுகிறவள் கையில் எந்தச் சாவி இருக்கிறது? ஒருவனுடைய பாவத்துக்குத் தன் உடலால் விலை கொடுக்க வேறொருவரும் தேவையில்லை. அந்த விலை சிலுவையில் கொடுத்தாயிற்று என்றுதானே நாம் அறிக்கையிடுகிறோம்?

1847-இல் வந்த 'ஜேன் அயர்' நாயகிக்கு இது தெரிந்திருந்தது. தான் மணக்கவிருந்தவன் ஏற்கெனவே மணமானவன் என்று தெரிந்த மறுநாள் விடியுமுன், காதல் குறையாமலே அவள் வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். அவளை விலையாகக் கேட்காமல்தான் அவன் மனந்திரும்ப வேண்டியிருந்தது. 1848-இல் ஒரு விமர்சகி அந்த நாவலைக் கிறிஸ்தவத்துக்கு விரோதமானது என்று எழுதினார். வெளிப்படுத்தின விசேஷத்தின் "கர்த்தராகிய இயேசுவே, வாரும்" என்ற ஜெபத்தோடு முடிகிற நாவல் அது.

படுக்கையறைக் காட்சிகளைப் பற்றி: உங்கள் மனசாட்சி இடறினால் பக்கத்தைத் தள்ளிவிடுங்கள். காதலைப் பாடும் உன்னதப்பாட்டை வேதத்திலேயே வைத்திருக்கும் நாம் அதற்குமேல் சட்டம் போட வேண்டாம்.

தலையணைக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுங்கள். ஒரு பென்சிலோடு உட்காருங்கள். அவள் 'வேண்டாம்' என்று சொல்லும் இடங்களையெல்லாம் கோடிடுங்கள். அவன் அடுத்த பக்கத்தில் என்ன செய்தான் என்று ஓரத்தில் குறித்துவையுங்கள். அந்தப் பட்டியலோடு வேதபாட வகுப்புக்குப் போங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.