அப்பாவின் சிரோசிஸுக்கு ஸ்டெம் செல் ஊசி: பணம் கட்டும் முன்

அப்பாவுக்குச் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிக் கெட்டுப்போகும் நோய்), வயிற்றில் நீர் கோத்திருக்கிறது, ஒரு தனியார் மையம் ஆறு லட்சத்துக்கு ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்) ஊசி போடுவதாகச் சொல்கிறது, நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வைக்காதீர்கள்.

பிரிட்டனில் 81 பேரிடம் இதைச் சோதித்தார்கள். முடிவு 2018-இல் வந்தது. அவர்கள் உங்கள் அப்பாவைவிட நல்ல நிலையில் இருந்தவர்கள். அவர்களில் 28 பேருக்கு எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவழைத்து, பிரித்தெடுத்துத் திரும்ப ஏற்றினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்களின் கல்லீரல் தேறவில்லை. அந்த 28 பேரில் 12 பேருக்குக் கடுமையான பாதிப்புகள் வேறு. வழக்கமான சிகிச்சையில் அது 3 பேருக்குத்தான்.

ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. எடின்பரோவில் நோயாளியின் சொந்த வெள்ளையணுக்களை மேக்ரோஃபேஜாக (சிதைந்த செல்களை விழுங்கிச் சுத்தம் செய்யும் செல்) வளர்த்து ஏற்றிப் பார்த்ததில் கொஞ்சம் நம்பிக்கை தெரிகிறது. ஆனால் அதுவும் இன்னும் சோதனைதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, கல்லீரலுக்கு ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே தரலாம். அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. அந்த மையத்திடம் ஆய்வுப் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

அப்புறம், முக்கியமானது: நீர் கோத்துவிட்டால் மாற்று அறுவை சிகிச்சை பற்றிக் கேட்க வேண்டிய நேரம் அது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே கல்லீரல் மாற்று செய்கிறார்கள். இந்த வாரமே ரிப்போர்ட்டுகளுடன் அப்பாவை அங்கே கூட்டிப் போங்கள். காய்ச்சலோ குழப்பமான பேச்சோ வந்தால் வாரம் வரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.