பில்லில் ‘ஒரிஜினல்’ என்று எழுதி வாங்கினீர்களா?

கேள்வி: கோவையிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் 2008 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் இருக்கிறது. நான் இரண்டாவது ஓனர், ஆர்சி என் பெயரில். வாட்டர் பம்ப்பில் கூலன்ட் கசிந்தது. கம்பெனி சர்வீஸில் விலையும் கூடுதல், பார்ட் வர நாளாகும் என்றும் சொன்னார்கள். மெக்கானிக் கைகாட்டிய சென்னைக் கடைக்கு ஆர்சி போட்டோவையும் சேஸிஸ் நம்பரையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, “இந்த வண்டிக்கு எது சரியாக இருக்குமோ அதை அனுப்புங்கள்” என்றேன். “ஓஇஎம் சார், ஒரிஜினலேதான்” என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. 38,000 ரூபாயை யுபிஐயில் அனுப்பினேன். பில்லில் “வாட்டர் பம்ப் – 1” என்று மட்டும்தான் இருக்கிறது. நான்கே மாதத்தில் பம்ப் பேரிங் போய் இன்ஜின் சூடேறிவிட்டது. டெம்பரேச்சர் லைட் எரிந்த பிறகும் வீடு பக்கம்தானே என்று ஓட்டி வந்துவிட்டேன். இப்போது இன்ஜின் வேலைக்கு 4.6 லட்சம் எஸ்டிமேட். பில்லைக் காட்டி “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்கிறார் கடைக்காரர், மாட்டியதில்தான் தப்பு என்றும் சொல்கிறார். மெக்கானிக் பார்ட்டைக் குறை சொல்கிறார். வழக்குப் போடலாமா? இனி பார்ட் எப்படி வாங்குவது? துபாயிலிருந்து வந்த பழைய இன்ஜினை 3 லட்சத்துக்கு மாட்டித் தருவதாக ஒருவர் சொல்கிறார். மாட்டலாமா?

பதில்: வழக்குப் போடலாம். உங்கள் கையில் இருக்கும் பலமான ஆதாரம் அந்த பில் அல்ல, நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திதான். உதிரிபாக வழக்குகளில் முதலில் எழும் கேள்வி, பார்ட்டைத் தேர்ந்தெடுத்தது யார் என்பது.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16 இதைத்தான் பேசுகிறது. எதற்காக வாங்குகிறோம் என்பதைச் சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், அந்தப் பொருள் அந்த உபயோகத்துக்குத் தக்கதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தானாகவே விற்பனையில் சேர்ந்துவிடும். அதே பிரிவில் ஒரு விதிவிலக்கும் உண்டு. குறிப்பிட்ட ஒரு பொருளை அதன் வணிகப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கினால் அந்த நிபந்தனை கிடையாது. இணையத்தில் படித்துவிட்டு “இந்த பிராண்ட் பம்ப் ஒன்று கொடுங்கள்” என்று நீங்கள் கேட்டிருந்தால், “அவர் கேட்டதைக் கொடுத்தேன், அது இந்த வண்டிக்குப் பொருந்துமா என்பது அவர் பாடு” என்று கடைக்காரர் நழுவியிருப்பார். கார்ப் பிரியர்கள் பலர் கடைக்காரரை விட விவரம் தெரிந்தவர்களாக நடந்துகொண்டு இந்தப் பாதுகாப்பைத் தாங்களே இழந்துவிடுகிறார்கள். நீங்கள் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, தேர்வைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டீர்கள். அந்த ஒரு வரி உங்களுக்குப் பெரிய துணை.

அடுத்தது அந்த வாய்ஸ் மெசேஜ். ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் ‘ஓஇஎம்’ (கார் கம்பெனிக்கே பார்ட் செய்து கொடுக்கும் தயாரிப்பாளருடையது) என்பதும் ‘ஒரிஜினல்’ என்பதும் அவரவர் இஷ்டத்துக்குப் புழங்குகின்றன. கார் கம்பெனியின் பெட்டியில், கம்பெனி பார்ட் நம்பரோடு வருவது ஒரு வகை. கார் கம்பெனிக்குச் செய்து கொடுக்கும் அதே தயாரிப்பாளர் தன் சொந்தப் பெயரில் விற்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் தொடர்பே இல்லாத வேறு தயாரிப்பாளர் செய்வது மூன்றாவது. இம்மூன்றில் எதை விற்பதும் குற்றமல்ல. மூன்றாவதை முதலாவது என்று சொல்லி விற்பதுதான் தவறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47) தரத்தைப் பற்றிப் பொய் சொல்வதையும், பழையதைப் புதுப்பித்துப் புதிது என்று விற்பதையும் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. ஒரிஜினல் என்று பொய்யாகச் சொல்லப்படும் பொருளுக்குப் போலிப் பொருள் என்றே பிரிவு 2(43) பெயர் வைத்திருக்கிறது. கார் கம்பெனியின் முத்திரையைப் போலியாகப் போட்ட பெட்டி என்றால், 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம், பிரிவு 103, 104-இன் கீழ் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. ஆனால் போலீஸில் புகார் கொடுப்பதால் உங்கள் பணம் திரும்பி வராது. முதலில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள்.

“விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்ற வரிக்குப் பயப்படத் தேவையில்லை. குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள்ளும், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று அதே பிரிவு 2(47) சொல்கிறது. உங்கள் பம்ப் நான்கு மாதம் கழித்துப் போனதால் அந்த 30 நாள் விதி நேரடியாக உதவாது. ஆனாலும் குறைபாடுள்ள பொருளை விற்றதற்கான பொறுப்பு அந்த 30 நாளோடு முடிந்துவிடுவதில்லை.

பழுதான பம்ப் இப்போது எங்கே இருக்கிறது? நீங்கள் எழுதவில்லை. மெக்கானிக்கிடம் இருந்தால் இன்றே போய் வாங்கி வந்துவிடுங்கள். கழுவாதீர்கள், பிரிக்காதீர்கள். வார்ப்பில் உள்ள எண்கள், தேதி முத்திரை, இம்பெல்லர் (கூலன்டைத் தள்ளும் சுழல் சக்கரம்) பிளாஸ்டிக்கா உலோகமா, பேரிங் எந்த நிலையில் இருக்கிறது என்று எல்லாம் தெரிய போட்டோ எடுத்து, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட உறையில் போட்டு சீல் வையுங்கள். பெட்டி இருந்தால் அதையும். இறக்குமதிப் பொருளின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி எல்லாம் இருக்க வேண்டும் என்பது சட்டமுறை எடையளவு விதி. அந்த ஸ்டிக்கரே இல்லாத பெட்டி நிறையப் பேசும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பார்ட்டில் கார் கம்பெனியின் லோகோ இருந்த இடம் கிரைண்டரில் தேய்க்கப்பட்டிருந்தால், உடனே டூப்ளிகேட் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அசல் தயாரிப்பாளர் தன் பெயரில் விற்கும்போது, லோகோவைப் பயன்படுத்த உரிமை இல்லாததால் அதைத் தேய்த்துவிட்டு விற்பதுண்டு. தேய்த்த தடத்தை மட்டும் நம்பி மனு எழுதினால், எதிர்த்தரப்பு வக்கீல் முதல் விசாரணையிலேயே அதை உடைத்துவிடுவார்.

சோதனை இல்லாமல் குறைபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது என்றால், பொருளை சீல் வைத்துத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38 அதிகாரம் தருகிறது. கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். பம்ப்புக்கே பெயர்போன ஊரில் இருந்துகொண்டு பம்ப் சோதிக்க ஆளில்லை என்று சொல்ல முடியாது.

யார் மேல் வழக்கு? இருவர் மேலும். ஒருவரை ஒருவர் கைகாட்டும்போது நீங்கள் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரரை முதல் எதிர்த்தரப்பாகவும் மெக்கானிக்கை இரண்டாவதாகவும் சேருங்கள், சண்டையை அவர்கள் ஆணையத்தில் போட்டுக்கொள்ளட்டும். தயாரிப்பாளர் யார் என்றே தெரியாதபோதும், தெரிந்தாலும் நோட்டீஸைக் கொண்டு சேர்க்க முடியாதபோதும், விற்றவரே பொருள் பொறுப்பு (குறைபாடுள்ள பொருளால் வந்த தீங்குக்கு ஈடு தரும் பொறுப்பு) ஏற்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் பிரிவு 86. ஆனால் பொருள் பொறுப்பை மட்டும் நம்பி மனுவைக் கட்ட வேண்டாம். பொருள் பொறுப்பைப் பொறுத்தவரை ‘தீங்கு’ என்பதன் வரையறை குறுகலானது. பம்ப்பின் நஷ்டம் அதற்குள் வராது, உத்தரவாத மீறலால் வந்த சொத்துச் சேதமும் பொருளாதார இழப்பும்கூட வெளியே தள்ளப்பட்டிருக்கின்றன. குறைபாடுள்ள பொருள், முறையற்ற வணிக நடைமுறை, சேவைக் குறைபாடு ஆகிய மூன்றையும் முன்னே வைத்து, பொருள் பொறுப்பை மாற்று வாதமாகச் சேர்ப்பதே நல்லது.

இனி உங்கள் பலவீனம். லைட் எரிந்த பிறகும் ஓட்டியதை மறைக்காதீர்கள். நவீன கார்களின் கம்ப்யூட்டரில் பல தகவல்கள் பதிவாகியிருக்கும், குறுக்கு விசாரணையில் அது வெளியே வந்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். நஷ்டப்பட்டவர் அதைக் குறைக்கக் கிடைத்த வழியைப் பயன்படுத்தினாரா என்பதையும் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 73 கணக்கில் எடுக்கச் சொல்கிறது. பம்ப் விலையும் மாட்டுகூலியும் முழுதாகக் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. 4.6 லட்சத்தில் ஒரு பகுதி வெட்டுப்படும் என்று இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கடை சென்னையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் கோவையிலேயே மாவட்ட ஆணையத்தில் மனு போடலாம். வரம்பு நீங்கள் கொடுத்த விலையை வைத்துத்தான், 50 லட்சம் வரை மாவட்டம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. கெடு இரண்டு ஆண்டு. நுகர்வோர் ஆணையங்களின் இணையதளமான இ-ஜாக்ரிதி வழியாகவும் தாக்கல் செய்யலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவது நல்லது, சில கடைகள் அங்கேயே இறங்கி வந்துவிடும். அந்த போனை மாற்றிவிடாதீர்கள். வாட்ஸ்அப் உரையாடலைச் சான்றாக வைக்க பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்), பிரிவு 63-இன்படி சான்றிதழ் தேவை. வண்டியை வாடகைக்கோ ஷூட்டிங்குக்கோ விட்டதுண்டா? விட்டிருந்தால் ‘வணிக நோக்கம், இவர் நுகர்வோரே அல்ல’ என்ற வாதம் கட்டாயம் வரும். ஆர்சி உங்கள் பெயரில் இருப்பது நிம்மதி. சொகுசுக் கார்களைக் கம்பெனி பெயரில் வாங்கியவர்கள் இதே இடத்தில்தான் திணறுகிறார்கள்.

அடுத்த முறை பார்ட் வாங்கும்போது கம்பெனி சர்வீஸ் கவுன்டரிலும் விலை கேளுங்கள். உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்க விடாததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அபராதத் தொகை பற்றி மேல்முறையீடுகள் நடந்தன. ஆனால் வெளி ஒர்க் ஷாப்புக்கும் பார்ட் கிடைக்க வேண்டும் என்ற கொள்கை அங்கே அழுத்தமாகச் சொல்லப்பட்டது. பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், கூலிங் ஆகிய நான்கிலும் கம்பெனி பெட்டி அல்லது அசல் தயாரிப்பாளர் பெட்டிதான் என்பது என் கட்சி. கதவு லைனிங், கண்ணாடி, சீட் போன்றவற்றுக்குப் பழைய பார்ட்டே போதும், பணத்தை மிச்சம் பிடியுங்கள். எதை வாங்கினாலும் தயாரிப்பாளர் பெயர், பார்ட் நம்பர், உங்கள் சேஸிஸ் நம்பர், புதிதா பழையதா, எத்தனை மாத வாரன்டி என்பதெல்லாம் ஜிஎஸ்டி பில்லிலேயே வரட்டும். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். மாட்டும் ஒர்க் ஷாப்பின் ஜாப் கார்டிலும் அதே நம்பர் இருக்கட்டும்.

துபாய் இன்ஜின் விஷயம். பயன்படுத்திய உதிரிபாகங்களின் இறக்குமதி கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது, அனுமதி வேண்டும். பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் இறக்குமதி ஆவணம்) நகலைக் கேளுங்கள், தரவில்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். இன்ஜினை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52-இன்படி 14 நாளுக்குள் ஆர்டிஓவிடம் தெரிவித்து ஆர்சியில் புது நம்பரை ஏற்ற வேண்டும். மாட்டும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுவது உத்தமம். சட்டம் அனுமதிக்காத மாற்றத்துக்கு, பிரிவு 182ஏ-இன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. அதைவிடப் பெரிய அடி, விபத்து நடந்த பிறகு ஆர்சி நம்பரும் இன்ஜின் நம்பரும் பொருந்தவில்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிப்பதுதான். 15 ஆண்டு கடந்த வண்டி என்பதால் அடுத்த முறை ஆர்சி புதுப்பிக்கப் போகும்போதும் இன்ஜின் நம்பரைப் பார்ப்பார்கள்.

எது எப்படியானாலும் இந்த வாரம் இன்ஜினை இறக்க வேண்டாம். சூடேறி என்ன சேதமானது என்பதற்கு அந்த இன்ஜின்தான் சாட்சி. பிரிக்கும் தேதி, நேரம், இடத்தைக் குறிப்பிட்டு, நேரில் வந்து பார்வையிடலாம் என்று கடைக்காரர், மெக்கானிக் இருவருக்கும் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். சார்ட்டர்ட் இன்ஜினியர் ஒருவரை வைத்து, வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள், அவர் அறிக்கையை எழுதி வாங்குங்கள். அவர்கள் வராவிட்டால் பரவாயில்லை, அழைத்ததற்கான ஒப்புகைச் சீட்டு உங்கள் கையில் இருந்தால் போதும்.