சிக்னலில் நிற்கும்போது ஏ.சி. எதில் ஓடுகிறது? ஹைபிரிட் கார் வாங்கும் முன்

கேள்வி: பெருங்களத்தூரில் வீடு, கிண்டியில் வேலை. தினமும் போக வர 40 கி.மீ., முழுக்க ஜிஎஸ்டி சாலை நெரிசல். வருடத்துக்கு ஐந்து தடவை வயதான பெற்றோரோடு திருச்சிக்குப் போவேன். கிராண்ட் விட்டாரா மைல்டு ஹைபிரிட் ஆட்டோமேட்டிக், டொயோட்டா ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைபிரிட், ஹோண்டா சிட்டி இ:எச்இவி மூன்றையும் பார்த்துவிட்டேன். மைல்டுக்கும் ஸ்ட்ராங்குக்கும் ஆன்-ரோடு விலையில் சுமார் 3 லட்சம் வித்தியாசம் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்? பேட்டரி போய்விட்டால் என்ன ஆகும்?

பதில்: மூன்றிலும் 'ஹைபிரிட்' என்ற சொல் இருந்தாலும், முதலாவதை இந்த வரிசையில் சேர்ப்பது கொஞ்சம் தாராள மனசுதான். அதில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டருக்குப் பதிலாக பெல்ட்டில் ஓடும் ஒரு ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர் இருக்கிறது. துணைக்குச் சின்ன லித்தியம் பேட்டரி. சிக்னலில் இன்ஜினை அணைக்கும், சத்தமில்லாமல் மறுபடி எழுப்பும், கிளம்பும்போது லேசாக ஒரு கை கொடுக்கும். தனியாகக் காரை நகர்த்தாது.

சென்னையில் இதைவிட முக்கியமான விஷயம் ஏ.சி. மைல்டு ஹைபிரிட்டில் கம்ப்ரஸரும் இன்ஜின் பெல்ட்டில்தான் சுற்றுகிறது. இன்ஜின் நின்றால் கம்ப்ரஸரும் நின்றுவிடும். வெறும் காற்று வரும். மே மாத மதியம் பல்லாவரத்தில் நின்றால், கேபின் சூடானதும் இன்ஜின் தானே எழுந்துகொள்ளும். பலர் எரிச்சலில் அந்த வசதியையே பட்டனை அமுக்கி அணைத்துவிடுகிறார்கள். அப்புறம் நகரத்தில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது?

ஹைரைடர், சிட்டி இரண்டும் ஸ்ட்ராங் ஹைபிரிட்; மோட்டார் தனியாகவே காரை நகர்த்தும். இவற்றில் கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுகிறது, அதனால் இன்ஜின் அணைந்திருக்கும்போதும் குளிர் வரும். ஆனால் ஹைரைடரின் பேட்டரி 0.76 கிலோவாட்-அவர், அதாவது வீட்டு மின்சாரக் கணக்கில் முக்கால் யூனிட். அதிலும் நடுப்பகுதியை மட்டுமே கம்ப்யூட்டர் பயன்படுத்த விடும். கடும் வெயிலில் ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட் அளவில் இழுத்தால், நின்ற இடத்தில் கால் மணி நேரத்துக்கெல்லாம் இன்ஜின் எழுந்து சார்ஜ் ஏற்றத் தொடங்கும். இது பழுதல்ல, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

ஹைரைடரும் சிட்டியும் ஒரே வேலையை இரண்டு விதமாகச் செய்கின்றன. டொயோட்டா முறையில் கியர்பாக்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோள் பற்சக்கரத் தொகுதி: நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றிச் சிறு சக்கரங்கள், அவற்றைத் தாங்கும் கேரியர், வெளியே ஒரு வளையம். இன்ஜின் அதன் கேரியரிலும், சிறிய மோட்டார் நடுச்சக்கரத்திலும், சக்கரங்களுக்குப் போகும் இணைப்பு வெளிவளையத்திலும் மாட்டியிருக்கும். பெரிய மோட்டாரும் சக்கரங்களின் பக்கம்தான். இன்ஜின் விசையில் ஒரு பங்கு நேராகச் சக்கரத்துக்கும், மீதி மின்சாரமாகவும் பிரியும். தேயும் கிளட்ச் இல்லை, அறுந்துபோக, சிவிடி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் வரும் பெல்ட் இல்லை. தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் கிடையாது, சிறிய மோட்டாரே இன்ஜினை எழுப்பிவிடும்.

ஹோண்டாவில் நகர வேகத்தில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நேரடித் தொடர்பே இல்லை. இன்ஜின் ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. 253 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழல்விசை) கொண்ட மோட்டார் காரை இழுக்கிறது. நெடுஞ்சாலையில் சீரான வேகம் பிடித்ததும் ஒரு கிளட்ச் மூடி, ஒரே ஒரு நிலையான கியர் வழியாக இன்ஜின் சக்கரத்தோடு சேர்ந்துகொள்ளும். நெடுஞ்சாலையில் மின்சாரமாக மாற்றித் திரும்பவும் விசையாக்கும்போது வரும் இழப்பு அதனால் இல்லை. திருச்சிப் பாதையில் சிட்டிதான் அமைதியாக ஓடும் என்பது எங்கள் கணிப்பு. ஹைரைடரின் மூன்று சிலிண்டர் இன்ஜின் ஓவர்டேக்கில் உறுமும். சத்தம் முன்னே போகும், வேகம் பின்னால் வரும்.

மலைச்சாலையில் இரண்டுக்கும் ஒரே பலவீனம். ஐந்து பேரோடு கொடைக்கானல் ஏறினால், சில கிலோமீட்டரிலேயே பேட்டரி இறங்கி, பாரமெல்லாம் இன்ஜின் தலையில் விழும். இறங்கும்போது பேட்டரி நிறைந்துவிட்டால் பிரேக் வழி சார்ஜ் ஏறாது. முதல் வளைவிலேயே இன்ஜின் பிரேக்கிங்குக்கான 'B' நிலைக்கு (பார்க்கிங்குக்கான 'P' அல்ல) மாற்றிவிடுங்கள்.

பணக் கணக்குக்கு வருவோம். உங்கள் ஓட்டம் நகரத்தில் ஆண்டுக்கு 12,000 கி.மீ., வெளியூர் 3,000 கி.மீ. நெரிசலில் மைல்டு லிட்டருக்கு 12, ஸ்ட்ராங் 20 என்று வைத்தால் 400 லிட்டர் மிச்சம். நெடுஞ்சாலையில் 17-க்கும் 20-க்கும் வித்தியாசம் வெறும் 26 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 42,600. மூன்று லட்சம் திரும்பி வர ஏழு வருடம் ஆகும், கடன் வட்டி சேர்த்தால் இன்னும் இழுக்கும். ஐந்து வருடத்தில் காரை மாற்றும் பழக்கம் உண்டென்றால் மைல்டே போதும். பத்து வருடம் வைத்திருப்பீர்கள் என்றால் ஸ்ட்ராங்.

பேட்டரி வாரண்டி ஹைரைடர், சிட்டி இரண்டிலும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. நீங்கள் எட்டு வருடத்தில் 1,20,000-தான் ஓடுவீர்கள், எனவே ஆண்டுக் கணக்குதான் முதலில் முடியும். பேட்டரிக்கு எதிரி சூடு. அதைக் குளிர்விக்கும் காற்றுத்துளை எங்கே என்று ஓனர்ஸ் மேனுவலில் பார்த்து, அதன்மேல் பையோ துணியோ வைக்காதீர்கள். சர்வீஸில் அதைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் பல நேரம் செய்யமாட்டார்கள்.

உண்மையில் நடுவழியில் விடுவது பெரும்பாலும் பெரிய பேட்டரி அல்ல, சாதாரண 12 வோல்ட் பேட்டரி. அது செத்தால் பெரிய பேட்டரியில் சார்ஜ் இருந்தும் கார் ஓடத் தயார் என்பதற்கான 'ரெடி' விளக்கைக் காட்டாது. ஊருக்குப் போய் வாரக்கணக்கில் நிறுத்திவைத்தால் இதுதான் நடக்கும். வாரம் ஒருமுறை யாராவது 'ரெடி' நிலையில் அரை மணி நேரம் விட்டுவைக்கட்டும். வெறும் 'ஆன்' நிலையில் விட்டால் இருப்பதும் வடிந்துவிடும். அடுத்தவர் காருக்கு உங்கள் காரிலிருந்து ஜம்ப் கொடுக்கவும் வேண்டாம்.

இன்னொன்று, நம் ஊர்க் கைப்பழக்கம்: சிக்னலில் நியூட்ரலுக்குத் தள்ளுவது. டொயோட்டா முறையில் நியூட்ரலில் இன்ஜின் ஓடினாலும் பேட்டரி சார்ஜ் ஆகாது. 'டி'யிலேயே பிரேக்கை மிதித்து நில்லுங்கள்.

உங்களுக்கு எங்கள் தேர்வு ஹைரைடர். இயந்திர முறையை வைத்துச் சொல்லவில்லை, நகரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பெற்றோருக்காகச் சொல்கிறோம்: சிட்டியில் குனிந்து இறங்கி உட்கார வேண்டும், முழங்கால் வலிக்காரருக்கு எழுவது பெரும்பாடு. ஆனால் ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைபிரிட்டின் டிக்கி 265 லிட்டர்தான், சிட்டியில் 306. டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது திருச்சிக்கு எடுத்துப்போகும் அதே பெரிய சூட்கேஸைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். பெற்றோரையும் அழைத்துப்போங்கள், பின் சீட்டில் மூன்று தடவை ஏறி இறங்கட்டும். அவர்கள் முகம் சுளித்தால் எங்கள் தேர்வை மறந்துவிடலாம்.